ஷீட்டா, கிட்டா, வெப்லேட்டா?

பாளையங்கோட்டையை மையமாக வைத்து, ஒரு கட்டற்ற (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) மென்பொருளின் இணையதளத்தைத் தமிழாக்கும் வேலையை ஆறு பேர் பார்க்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், தென்காசியில் வங்கி வேலையில் இருக்கும் ஓர் அக்கா, அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அப்புறம் நான். சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை வண்ணார்பேட்டையில் கூடினால் டீச்செலவு மட்டும் என்னுடையது. வேலையைப் பிரித்துக்கொள்ள மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூலத்தில் ஆங்கிலம் மாறிவிட்டால், உங்கள் தமிழ் பழசாகிவிட்டதை யார் உங்களுக்குச் சொல்வார்கள்?

முதலில் பகிர்ந்த ஷீட், அதாவது எல்லோரும் சேர்ந்து நிரப்பும் இணைய அட்டவணை. இடப்பக்கம் ஆங்கிலம், அடுத்து தமிழ், ஓரத்தில் செய்தவர் பெயர். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஐயா முதல் நாளே போனில் நாற்பது வரி முடித்தார். பிறகு ஒருநாள் ஒரு தம்பி தமிழ் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டான். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்பது நன்கொடைப் பொத்தானுக்கு நேரே போய் நின்றது. பழைய நகலை மீட்டுவிட்டோம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்துத் தளத்தின் முகப்பே மாறியபோது ஷீட்டுக்கு அது தெரியவே இல்லை. பாதி உழைப்பு, இல்லாத பக்கங்களுக்கானதாகிவிட்டது.

அடுத்து கிட், கோப்பில் யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி. வரிகளையெல்லாம் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் பிஓ கோப்பாக்கி (ஆங்கில வரி, அதன் கீழ் தமிழ் வரி), போஎடிட் என்ற மென்பொருளில் திறந்து நிரப்புவது. என் கேள்விக்கு இங்கேதான் முதல்முறையாகப் பதில் கிடைத்தது. ஆங்கில வரி கொஞ்சம் மாறினால் பழைய தமிழை அழிக்காமல் 'ஃபஸ்ஸி' என்று குறி வைத்துவிடும். யாராவது பார்த்துச் சரி என்று அந்தக் குறியை எடுக்கும்வரை தளத்தில் ஆங்கிலமே வரும். தப்பான தமிழைவிடப் புது ஆங்கிலம் மேல் என்ற நியாயம், எனக்கு உடன்பாடுதான். தொல்லை வேறிடத்தில். கோப்பின் தலைப்பகுதியில் கடைசியாகத் திருத்திய நேரம் பதிவாகும். இரண்டு பேர் வெவ்வேறு வரியைத் தொட்டிருந்தாலும், அந்த ஒரு நேர வரியில் யாருடையதை வைப்பது என்று தெரியாமல் கிட் முட்டிக்கொண்டு நிற்கும். கணினி மாணவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. தென்காசி அக்காவோ இரண்டாவது முட்டலோடு, "தம்பி, நான் வாட்ஸப்பில் அனுப்புறேன், நீங்களே போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். ஐயாவிடம் கணினியே இல்லை.

வெப்லேட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2012இல் செக் நாட்டில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள்; அடியில் அதே கிட், அதே பிஓ. மேலே உலாவியில் திறக்கிற ஒரு பக்கம், போனிலும் ஓடும். ஃபஸ்ஸி இங்கே 'திருத்தம் தேவை' ஆகிறது. யார் எந்த வரியைச் செய்தாரோ அவர் பெயரிலேயே கிட்டில் பதிவாகும். பிள்ளைகளுக்கு அது பெருமை. கூடவே மின்னஞ்சல் முகவரியும் பொதுவில் போகும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதே வேலைக்கான இன்னொரு இணையக் கருவி கிரௌடின். அது இதைவிட வழவழப்பானது, மறுக்கவில்லை. திறந்த மூலத் திட்டங்கள் (நிரலைத் திறந்து வைப்பவை) விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம். ஆனால் மூடிய மென்பொருள். இதே மாதிரிக் கருவியான டிரான்சிஃபெக்ஸும் ஒருகாலத்தில் திறந்த மூலமாக இருந்து 2013இல் மூடிக்கொண்டதுதான். கோப்பு நம் கிட்டில் இருக்கும்வரை இதற்காகப் பதற வேண்டாம் என்றாலும், கட்டற்ற மென்பொருளின் தளத்தைக் கட்டுள்ள கருவியில் பெயர்ப்பது எனக்கு உறுத்துகிறது. சொல்லுக்கு வாக்களிக்கும் வசதி வெப்லேட், கிரௌடின் இரண்டிலும் உண்டு; நாங்கள் தொடுவதில்லை. 'பதிவிறக்கு' வேண்டுமா, ஈழத்தில் புழங்கும் 'தரவிறக்கு' வேண்டுமா என்று வாக்கெடுத்தால் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து ஆட்சி நடத்துவார்கள். இந்த ஊரில் சொல் தகராறு புதிதல்ல. 1820இல் இங்கே வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் தமிழ் வேதாகமத்தைத் திருத்த உட்கார்ந்த காலத்திலிருந்தே உண்டு. எங்களுக்குச் சொற்பட்டியல் ஒன்று, அதில் கைவைக்கும் உரிமை ஐயாவுக்கு மட்டும்.

ஆனால் வெப்லேட், கிரௌடின் இரண்டுக்கும் பொதுவான நோய் ஒன்று இருக்கிறது: எல்லாவற்றையும் வரி வரியாக நறுக்குவது. பொத்தானில் இயங்குதளத்தின் பெயரை நிரல் கொண்டுவந்து வைத்து, பின்னால் 'க்கு' ஒட்டும். 'விண்டோஸ்க்கு', 'மேக்க்கு' என்று பல்லை உடைக்கும். 'பதிவிறக்க: விண்டோஸ்' என்று வேற்றுமை உருபே வராமல் திருப்பி எழுதித் தப்பித்தோம். கட்டுரைப் பக்கங்களில் அப்படித் தப்ப முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் சரி. சேர்த்து வாசித்தால் 'இது' எதைச் சுட்டுகிறது, 'அவர்' யார் என்றே தெரியாது. "வாக்கியம் பூரா தலையில்லாம நிக்குல்லா?" என்றார் ஐயா.

இதற்கு டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் இணையதளத்தில் உள்ள வழி எனக்குப் பிடிக்கும். முழுப் பக்கத்தையும் ஒருவர் எடுத்துச் செய்வார். எடுக்கும்போது 'நான் பெயர்க்கப் போகிறேன்', முடித்ததும் 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று குழுவுக்கு அறிவிப்பார். எந்த ஆங்கிலப் பதிப்பைப் பார்த்துச் செய்தது என்ற கிட் அடையாளம் கோப்பின் தலையிலேயே இருக்கும். மூலம் நகர்ந்தால் அதை வைத்தே பழசான பக்கம் எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஷீட்டின் சுதந்திரமும் ஃபஸ்ஸியின் காவலும் சேர்ந்தது மாதிரி.

ஆகவே இப்போது பட்டி (மெனு), பொத்தான், சிறு அறிவிப்புகள் எல்லாம் வெப்லேட்டில். 'எங்களைப் பற்றி', நிறுவும் வழிகாட்டி போன்ற நீண்ட பக்கங்கள் ஆளுக்கு ஒன்றாக. எடுத்த பக்கத்தைப் பதினைந்து நாளில் முடிக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும் என்று ஒரு விதியும் போட்டோம். 'எங்களைப் பற்றி' பக்கம் ஐயாவிடம் போய் இருபத்திரண்டு நாளாகிறது. அவரிடம் அதை யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.