மலைக்கு ஏற்ற குழு: 2017 முதல் நான் கண்டது

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். நீலகிரியில் மென்பொருள், கணினிப் பழுது, இணைய இணைப்பு, சிசிடிவி என்று தொழில் செய்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் குழுவில் தொடக்கம் முதலே இருக்கிறேன். சேரலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் சமவெளியில் வேறொரு குழுவில் சந்தா கட்டிச் சேர்ந்திருந்தேன். வாரந்தோறும் காலை 7 மணிக்குக் கூட்டம். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ அமைப்பு உலகெங்கும் பரப்பிய முறை இது. நகரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. நானோ விடியுமுன்னே மலை இறங்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் சாலையில் யானை நின்றால், அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சில கூட்டங்கள் தவறியதும் நீக்கிவிட்டார்கள். கட்டிய பணமும் திரும்பி வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் குழு பிறக்கக் காரணம் ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1 முதல் தேயிலைக்கு 5 சதவீத வரி, புதிய பில் வடிவம். தொழிற்சாலைக் கணக்கர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிட்டார்கள். தனியாகச் சமாளிக்க முடியாமல் திணறிய ஐந்து பேர் குன்னூர் பெட்போர்டில் ஒரு பேக்கரி மாடியில் உட்கார்ந்து, யாருக்கு எது புரிந்ததோ அதைச் சொல்லிக்கொண்டோம். வியாழன், வெள்ளி குன்னூரில் தேயிலை ஏலம். அந்த நாட்களில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அதனால் சனிக்கிழமை என்று முடிவானது. இன்றும் சனிக்கிழமைதான்.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதியை நாங்கள் வைக்கவில்லை. கூடலூர்க்காரர் கோத்தகிரிக்கு வந்து பிரிண்டர் பழுது பார்க்க முடியாது. அவரும் கோத்தகிரிக்காரரும் எப்படிப் போட்டியாளர் ஆவார்கள்? இந்த முடிவின் அருமையை நான் உணர்ந்தது 2019-இல். மழை நாளில் விவசாயி கொண்டுவரும் பச்சைத் தேயிலையில் ஒட்டிய தண்ணீருக்காகத் தொழிற்சாலையில் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். என்னைப் போலவே பில் மென்பொருள் விற்கும் ஒருவர், இலை எடை எழுதிய, நனைந்து காய்ந்த ஒரு சீட்டைக் கூட்டத்தில் மேசைமேல் நீவி வைத்தார்.

“தம்பி, இது என் அத்தை தோட்டத்துச் சீட்டு. 47 கிலோவுக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ 350 கிராம். உங்கள் மென்பொருள் 3 கிலோ கழித்திருக்கிறது.”

கழிவை முழுக் கிலோவாக உயர்த்தும்படி நான்தான் எழுதியிருந்தேன். எடை போடும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விவசாயிக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ போயிருக்கிறது. அன்றிரவே திருத்தினேன். தொழிற்சாலைகளில் பழைய சீட்டுகளைத் திரும்பக் கணக்கிட இரண்டு வாரம் ஆனது. அவரும் கூடவே உட்கார்ந்தார். என் வாடிக்கையாளர்களிடம் நேராகப் போய் அந்தப் பிழையைச் சொல்லி அவர்களைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தக் குழுவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் இதுதான்.

2020 ஊரடங்கில் கூட்டம் திரைக்கு மாறியது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஹட்டிகளுக்கு, அதாவது படகர் கிராமங்களுக்குத் திரும்பிய இளைஞர்கள் நிறையச் சேர்ந்தார்கள். அலுவலகம் திறந்ததும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். தங்கியவர்களில் ஒரு பெண் இப்போது விடுதிகளுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்கிறார். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தபோது விடுதிக்காரர்களின் குழப்பத்தைத் தீர்க்க ஓடியவர்களில் அவர்தான் முதல் ஆள்.

சேர்ந்த மாதமே ஆர்டர் கிடைக்கும் என்று வராதீர்கள். குழு வழியாக எனக்கு முதல் வாடிக்கையாளர் கிடைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது. கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை. பெண்கள் இன்னும் மிகக் குறைவு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கூட்டம் எப்போதும் குன்னூரிலேயே நடப்பது. கூடலூர், பந்தலூர் உறுப்பினர்கள் ஒவ்வொரு முறையும் ஊட்டி ஏறி இறங்கி வருகிறார்கள். மழைக்காலத்தில் அவர்களால் வரவே முடிவதில்லை. நான் சமவெளியில் பட்ட அதே கஷ்டம். ஆண்டுக்கு மூன்று கூட்டமாவது கூடலூரில் நடத்த வேண்டும் என்று இந்த முறையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.