பலெர்மோவா, சிரகூசாவா? சிசிலியில் எங்கே தங்கலாம்

இத்தாலியின் தீவான சிசிலிக்குப் போகிறோம், கையில் ஐந்து நாள்தான், எந்த ஊரில் அறை எடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: சத்தம் தாங்குவீர்களா? தாங்கும் என்றால் பலெர்மோ. காலாற நடந்து, கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்றால் சிரகூசா. ஒன்று வடமேற்கில், மற்றது தென்கிழக்கில். நடுவே பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் பஸ் ஜன்னலைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள்.

சிரகூசாவின் பழைய ஊர் ஒர்திஜியா என்ற சின்னத் தீவு. பாலத்தைக் கடந்து உள்ளே போனால், சற்று தூரம் நடப்பதற்குள் மறு கோடியில் கடல் வந்துவிடும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர்கள் இங்கே குடியேறினார்கள். ஊரின் மொத்த வரலாறும் ஒரே கட்டடத்தில் நிற்கிறது. கதீட்ரலின் பக்கச் சுவரைப் பாருங்கள்: டோரிக் என்ற பழங்கிரேக்கப் பாணியில் தடித்த தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து தெரியும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஆத்தீனா தேவிக்குக் கட்டிய கோயில் அது. தூண்களின் இடைவெளியை அடைத்துத் தேவாலயமாக்கினார்கள். அரபியர் ஊரைப் பிடித்ததும் மசூதியானது, பிறகு மறுபடி தேவாலயம். 1693 நிலநடுக்கத்தில் முகப்பு விழ, அலங்காரம் மிகுந்த பரோக் பாணியில் புதிதாக எழுப்பினார்கள். இடிக்காமல் மேலே மேலே ஒட்டிக்கொண்டே போன கட்டடம். இன்றும் உள்ளே பூசை நடக்கிறது.

தீவுக்கு வெளியே தொல்லியல் பூங்கா. கிரேக்க அரங்கம் பெரியதுதான், ஆனால் ஓர் எச்சரிக்கை. மே, ஜூன் மாதங்களில் பழைய நாடகங்களை இன்றும் அங்கே மேடையேற்றுகிறார்கள் (1914-இல் தொடங்கிய வழக்கம்). அந்தப் பருவத்தில் கல் இருக்கைகள் மேல் பலகை போட்டு மூடிவிடுவதால், பகலில் போகிறவருக்குத் தெரிவது மரப்பலகை. நாடகத்துக்கே டிக்கெட் எடுத்தால் குறையில்லை. பக்கத்துக் கல் குவாரிகள்தான் என்னை அதிகம் பிடித்து நிறுத்தின. கி.மு. 413-இல் படையெடுத்து வந்து தோற்ற ஏதென்ஸ் வீரர்களை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்தது இந்தக் குவாரிகளில்தான். இப்போது எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துத் தொங்குகின்றன. ஆர்க்கிமிடீஸின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். நம்ப வேண்டாம், அது ரோமானியர் காலத்துக் கல்லறை. கி.மு. 212-இல் ரோமானியர் இந்த ஊரைப் பிடித்தபோது அவர் கொல்லப்பட்டது மட்டும் உண்மை.

பலெர்மோவில் இந்த நிதானம் கிடையாது. ஸ்கூட்டர், கூச்சல், குப்பை, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த தடம் மாறாத சுவர்கள். முதல் நாள் வெறுப்பாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் நார்மன் அரண்மனையில் உள்ள பலத்தீனா சிற்றாலயத்துக்குப் போங்கள். 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் கட்டியது. அரசர் வடக்கே பிரான்ஸ் பக்கமிருந்து வந்த நார்மன் வம்சம். சுவரில் பைசாந்திய (கிழக்கு ரோமானியப் பேரரசின்) கைவினைஞர்கள் சின்னச் சின்னச் சில்லுகளால் பதித்த பொன் மொசைக். அண்ணாந்தால், தேன்கூடு போல அடுக்கடுக்காகத் தொங்கும் மரக் கூரை. அது இஸ்லாமியக் கலைஞர்களின் வேலை, எழுத்தும் அரபு. மூன்று உலகங்களும் ஒரே காலத்தில், ஒரே அறையில், ஒரே எஜமானிடம் சம்பளம் வாங்கியிருக்கின்றன. சிரகூசாவில் ஒன்றை மூடி இன்னொன்று வந்தது. இங்கே எல்லாம் அக்கம்பக்கமாக நிற்கின்றன. என் ஓட்டு பலெர்மோவுக்கு விழுவதற்கு இந்த அறை ஒன்றே காரணம்.

மேலே மலையில் மொன்ரேயாலே. டவுன் பஸ்ஸிலேயே போகலாம். அங்குள்ள கதீட்ரலில் மொசைக் மட்டும் ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல். கழுத்து வலிக்கும்.

பக்கத்து ஊர்களைப் பார்த்தால் போட்டி சமம்தான். பலெர்மோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் அக்ரிஜெந்தோ. கிரேக்கக் கோயில்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. சிரகூசாவிலிருந்து நோட்டோ, மோதிகா என்று நிலநடுக்கத்துக்குப் பின் தேன்நிறக் கல்லில் மறுபடி எழுந்த ஊர்கள். மோதிகா சாக்லேட்டில் சர்க்கரை கரையாமல் நறநறக்கும். தயாரிப்பே அப்படித்தான், கெட்டுப்போய்விட்டதோ என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

வெயில் விஷயத்தில் சிரகூசா தோற்கிறது. ஐரோப்பாவின் அதிகபட்ச வெப்பநிலையான 48.8 டிகிரி செல்சியஸ், 2021 ஆகஸ்ட் 11 அன்று அந்த ஊர்ப் பக்கம்தான் பதிவானது. நம் ஊர்க் கத்திரிவெயில் பார்த்தவர்களுக்கு என்ன என்று வீறாப்பு வேண்டாம். குவாரிக்கும் அரங்கத்துக்கும் நடுவே வெள்ளைப் பாறை அனல் கக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரியவர்களைக் கூட்டிப்போவதானால், உள்ளே ஒதுங்க இடம் அதிகமுள்ள பலெர்மோவே மேல். ஏப்ரலிலோ அக்டோபரிலோ போனால் அதே பெரியவர்களுக்கு ஒர்திஜியாதான் வசதி. எதற்கும் வண்டி பிடிக்க வேண்டாம்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் இரண்டு ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம். பலெர்மோவின் பாலறோ சந்தையில் பானெல்லே கேளுங்கள். கொண்டைக்கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவிட்டு, மெல்லிசாக வெட்டிப் பொரித்து பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். எண்ணெய்ச் சட்டியில் வேறென்ன பொரிகிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சிரகூசா இருக்கும் கிழக்குப் பக்கம் கத்திரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா, காலையில் கிரானீட்டா என்ற ஐஸ் பதத்தோடு பிரியோஷ் என்ற மெத்தென்ற பன்.

சோற்றை உருட்டிப் பொரிக்கும் உருண்டை இருக்கிறதே, அதில்தான் கவனம் தேவை. வெண்ணெய் என்று பெயர் சொல்லி விற்பதிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். பெயரிலும் வம்பு உண்டு. பலெர்மோவில் அது அரன்சீனா, பெண்பால், உருண்டை வடிவம். கிழக்குக் கரை நகரமான கத்தானியா பக்கம் அரன்சீனோ, ஆண்பால், பல கடைகளில் எட்னா எரிமலை போலக் கூம்பு. பலெர்மோவில் இறங்கி கத்தானியாவில் விமானம் ஏறும்படி டிக்கெட் போடுபவர்கள், வழியில் எங்காவது கடைசி எழுத்தை மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். கடைக்காரர் உருண்டையைக் கொடுப்பார், கூடவே ஒரு பாடமும் எடுப்பார்.