பூனைக்கு ஒரே அறையா, முழு வீடா?

திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வீடு மாறிய அன்று, பூனையைப் பட்டாசலில் (கூடத்தில்) திறந்துவிட்டோம். "அடைச்சுப் போட்டா கத்தும்லா, பாவம்" என்றாள் ஆச்சி. அது வயிறு தரையில் உரச ஓடி, அடுக்களையில் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. மறுநாள் மதியம்வரை சாளை மீன் வாசனைக்குக்கூட வரவில்லை.

துணிச்சலான பூனைக்கு முழு வீடும் ஒத்துவரலாம், கதவைப் பிறாண்டும் தொல்லையும் இல்லை. ஆனால் சாமான் இறக்கும் நாளில் வாசல் திறந்தே கிடக்கும். வெளியே போனால் பழைய வீட்டைத் தேடி நடந்துவிடலாம்.

மூன்றாம் நாள் ஒரே அறைக்கு மாற்றினோம். ஒரு மூலையில் மலஜலம் கழிக்க மண் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, துவைக்காத பழைய போர்வை. துவைக்காததுதான் முக்கியம். பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கன்னத்தைத் தேய்த்துத்தான் ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கும். சின்ன அறை என்றால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.

இரண்டு ராத்திரி கத்தியது, உண்மைதான். படுக்கும் முன் கயிறு ஆட்டி ஓடவிட்டு, அப்புறம் சோறு வைத்தோம், குறைந்தது. அறைக்கு மாற்றிய நான்காம் நாள் பீரோ விளிம்பில் கன்னத்தை இழுத்து இழுத்துத் தேய்த்தது. அதன்பிறகே அடுத்த அறையைத் திறந்தோம்.

என் ஓட்டு ஒரே அறைக்கு. எப்படி வைத்தாலும், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ, கடுவன் பூனை மூத்திரம் போக முக்கினாலோ காத்திருக்கக் கூடாது; ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.