கையில் பணமா, குழுப் பாலிசியா, தனிக் கணக்கா?

பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் முதலாளிக்கு முதலில் தோன்றுவது இதுதான்: “மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடலாம், மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.” கணக்கு எழுதுவது எளிது, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக்காரர் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால், பல நாடுகளில் ஒன்று பிரீமியம் எகிறும், இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள். நிறுவனமே எல்லாருக்கும் சேர்த்து எடுக்கும் குழுப் பாலிசியில் அவரும் இருபத்தைந்து வயதுக்காரரும் ஒரே பட்டியலில் ஏறிவிடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். காப்பீட்டில் என் ஓட்டு குழுவுக்குத்தான்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தாலே, அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பில் தொகை ஏறி வரலாம். ஆயிரம் பேர் உள்ள இடத்தில் அந்தச் செலவு தெரியாமலே கரைந்துவிடும். அதனால் தொழில் சங்கம் வழியாகப் பல சிறு நிறுவனங்கள் சேர்ந்து எடுக்கும் பாலிசி கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது நல்லது. வேலையை விட்டால் பாதுகாப்பும் போய்விடும் என்பதையும் ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வூதியத்தில் கதை தலைகீழ்: அங்கே என் ஓட்டு ஊழியரின் தனிக் கணக்குக்கு. “ஓய்வு பெறும்போது மொத்தமாகத் தருகிறேன்” என்ற வாக்குறுதி நிறுவனம் நிற்கும்வரைதான். அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் 1963இல் சவுத் பெண்ட் ஆலையை மூடியபோது, ஓய்வு வயதை எட்டாத சுமார் 4,000 பேருக்குச் சேரவேண்டியதில் ஏறக்குறைய 15 சதவீதமே கிடைத்தது. இன்னும் பலருக்கு ஒன்றுமே இல்லை. 1974இல் அங்கே ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய ஆலைக்கே இந்தக் கதி.

ஊழியர் பெயரிலேயே இருக்கும் கணக்கில் முதலாளியும் ஊழியரும் பங்கு போட்டால், கடை மூடினாலும் பணம் ஊழியருடையது. சந்தை சரிந்தால் இழப்பும் அவருடையதுதான், அப்புறம் முதலாளியைக் கேட்க முடியாது. பிரிட்டனில் 2012இல் தொடங்கிய தானியங்கிச் சேர்ப்பு, அதாவது முதலாளியே ஊழியரை ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துவிடும் முறை, தகுதியுள்ள ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் பொருந்தும். சம்பளத்தில் இதற்காகக் கணக்கிடப்படும் பகுதியில் குறைந்தது 8 சதவீதம் அந்தத் திட்டத்துக்குப் போகவேண்டும், அதில் முதலாளி பங்கு குறைந்தது 3. வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும்.

இரண்டுக்கும் பணம் போதாதென்றால் காப்பீட்டை முழுதாக எடுத்துவிட்டு, ஓய்வூதியத்தைச் சிறு சதவீதத்தில் தொடங்கலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது: ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால், 25 வயதில் தொடங்குபவருக்கு 60இல் சேர்வது, அதே தொகையை 35இல் தொடங்குபவருக்குச் சேர்வதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.