டேங்கைத் திறந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கோவையில் டர்போ கார்களுக்கு எரிபொருள் அமைப்பை மாற்றித் தரும் ஒரு பணிமனையில் எனக்கு நேர்ந்ததை, அதே வேலைக்குக் காரை விட எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

கார் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ என்ஜின். ஷோரூமிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்டுவதற்காக அதைப் பெரிய டர்போவுடன் 300 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோவதுதான் திட்டம். அந்தத் திறனில் என்ஜின் மணிக்கு ஏறத்தாழ 110 லிட்டர் பெட்ரோலைக் கேட்கும். எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே கேட்கும். பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஒன்றரை பார் ஏறும்போது, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதே அளவு அழுத்தத்தை ஏற்றுவதால், வழக்கமான 3 பாரில் அல்ல, நாலரை பாரில் பம்பு அவ்வளவையும் தள்ளியாக வேண்டும். பம்பு டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு குறைந்த அழுத்தத்துக்கு உரியது என்பதை வாடிக்கையாளருக்கு எந்தப் பணிமனையும் தானாக விளக்குவதில்லை.

அசல் வால்ப்ரோ 255 (மணிக்கு 255 லிட்டர் என்று குறிப்பிடப்படும்) பம்பு, என்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் 630 சி.சி. இன்ஜெக்டர்கள் நான்கு, ரெகுலேட்டர், தனி ரிலேயுடன் புதிய வயரிங், டைனோவில் (என்ஜின் திறனை அளக்கும் கருவி) டியூனிங் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கினார்கள். பில்லில் "எரிபொருள் அமைப்பு மேம்பாடு" என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. பொருள்வாரியாக எழுதித் தரும்படி கேட்டதற்கு, "எல்லாம் ஒரிஜினல்தான் சார், கவலைப்படாதீங்க" என்று சொன்னார்களே தவிர எழுதித் தரவில்லை.

ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் எந்தக் குறையும் தெரியவில்லை. தெரியவும் செய்யாது, ஏனெனில் அப்போது என்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் மிகச் சொற்பம். டிராக்கின் நேர்ப்பகுதியில் முழு பூஸ்டில் 5,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும், காற்று–எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர், 12-க்குக் கீழே நிற்க வேண்டியது, 13-ஐயும் கடந்து ஏறியது. அதாவது பெட்ரோல் போதவில்லை. உடனே காலை எடுத்துவிட்டேன். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் வெப்பம் கூடி, நாக்கிங் (பெட்ரோல் கட்டுக்கடங்காமல் வெடிப்பது) பிடித்து, பிஸ்டன் உருகிவிடும். தொலைபேசியில் அழைத்தபோது "சென்சார் தப்பாக் காட்டுது சார், தைரியமா ஓட்டுங்க" என்றார்கள். எனக்கு இன்றளவும் ஆறாத கோபம் பணத்தைப் பற்றியதல்ல, இந்தப் பதிலைப் பற்றியதுதான்.

வேறொரு மெக்கானிக் பின் இருக்கையைக் கழற்றி, டேங்கிலிருந்து பம்பை வெளியே எடுத்தார். பம்பின்மேல் இருந்த எண் மையால் அச்சிடப்பட்டிருந்தது. துணியால் துடைத்ததும் கலைந்து போயிற்று. பம்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் ஹோஸ், வெளியே பயன்படுத்தும் சாதாரண பெட்ரோல் ஹோஸ். பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10 தர ஹோஸ்தான் போட வேண்டும். இதுவோ ஊறிப் பருத்து, விரலால் அழுத்தினால் அமுங்கி, கிளிப்புக்கு அருகே நீளவாக்கில் வெடித்திருந்தது. தள்ளிய பெட்ரோலில் ஒரு பங்கு அந்த வெடிப்பு வழியாக டேங்குக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது. புதிய வயரிங் என்று பணம் வாங்கியிருந்தாலும் கம்பெனியின் பழைய மெல்லிய வயரையே விட்டுவைத்திருந்தார்கள், பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும்போது பம்பின் முனையில் 11.3தான் வந்தது. பம்பைத் தனியாக நாலரை பாரில், 13.5 வோல்ட்டில் ஓட்டி அளந்தால் மணிக்கு 140 லிட்டர்கூடத் தேறவில்லை. அசல் பம்பு 200 லிட்டரை ஒட்டித் தரும்.

ஆகவே இந்த வேலைக்குக் காரை விடுபவர்கள், முழு பூஸ்டில் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தையும் காற்று–எரிபொருள் விகிதத்தையும் பதிவுசெய்த டைனோ லாகைக் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். டேங்கை மூடுவதற்கு முன் ஹோஸின்மேல் அச்சிட்டிருக்கும் தரக்குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒவ்வொரு பொருளின் பிராண்டும் பார்ட் நம்பரும் தனித்தனியே இருக்க வேண்டும். மறுத்தால் காரைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது. கழற்றிய பம்பையும் ஹோஸையும் பணிமனையிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "கொண்டுவாங்க, மாத்தித் தர்றோம்" என்று எனக்கும் ஆள் அனுப்பினார்கள். இரண்டையும் ஆணையத்தில் காட்டுவதற்காக நானே வைத்திருக்கிறேன்.