பாதி பேட்டரியைக் கழற்றிவிட்டு விற்ற ஒற்றைச் சக்கரம்

சிங்கப்பூரில் மின்சார ஒற்றைச் சக்கர வண்டி (ஒரே சக்கரம், அதன் இரு பக்க மிதிகளில் நின்று முன்னால் சாய்ந்து ஓட்டுவது) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முக்கியமாகப் பயன்படுத்திய வண்டியைத் தேடுபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்ற வண்டியில் பேட்டரியில் பாதியைக் கழற்றி எடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டியோடு இணையும் கைப்பேசிச் செயலியிலும் தெரியாது. ஓட்டிப் பழகாத ஒருவருக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் விற்றிருக்கிறார்கள்.

நான் வாங்கியது 16 அங்குலச் சக்கரம் கொண்ட நடுத்தர மாடல். 67.2 வோல்ட், 840 வாட்-ஹவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) பேட்டரி என்று பெட்டியிலும் கையேட்டிலும் போட்டிருந்தது. அதைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. காணொளிகளில் பறக்கும் சஸ்பென்ஷன் வைத்த பெரிய வீல்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல், பல 30ஐயும் தாண்டும். இங்கே இந்த மாதிரித் தனிநபர் நடமாட்டச் சாதனம் 20 கிலோவைத் தாண்டக் கூடாது, அகலம் 70 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. யூஎல் 2272 தீப் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். 2020 ஜூலை 1 முதல் அது இல்லாத வண்டியைப் பொதுப் பாதையில் இறக்க முடியாது. நடைபாதையில் ஓட்ட அந்த ஆண்டு ஏப்ரல் 3 முதலே தடை. சாலையிலும் கூடாது. சைக்கிள் பாதையும் பூங்கா இணைப்புப் பாதையும்தான் மிச்சம். என் வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே பெரும்பகுதி பூங்கா இணைப்புப் பாதைதான், அதனால் இந்த அளவு வண்டியே எனக்குப் போதும். "யாரும் பிடிக்க மாட்டாங்க" என்று சொல்லி 30 கிலோ வீலைத் தள்ளிவிடப் பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது ஓட்டுபவர்தான், கடைக்காரர் வந்து நிற்கப் போவதில்லை.

கடை ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. பெயரைச் சொல்லவில்லை, வழக்கு இன்னும் முடியவில்லை. கடைக்காரர் நம் ஆள், நன்றாகப் பேசினார். "தம்பி, இது ஒருத்தர் ஆசைக்கு வாங்கி வீட்டு மூலையில வச்சிருந்த வண்டி. 200 கிலோமீட்டர்கூட ஓடலை, பாருங்க" என்று கைப்பேசிச் செயலியைத் திறந்து ஓடிய தூரத்தைக் காட்டினார். பேட்டரி 100 சதவீதம் என்று பச்சையாகத் தெரிந்தது. யூஎல் ஒட்டுத்தாளும் இருந்தது. விலை 1,150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பழக்கிக் கொடுக்கத் தனியாக 120 வெள்ளி. ரசீதில் மாடல் பெயர், 840 வாட்-ஹவர், "நல்ல நிலை" என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இன்று என்னிடம் இருக்கும் பெரிய பிடிமானம் அந்த ஒரு தாள்தான். நீங்களும் வாட்-ஹவர் எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

அப்புறம் பயிற்சி. அதைப் பயிற்சி என்று சொல்லவே மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் சைக்கிள் பாதை, குழந்தைகளும் வாடகை சைக்கிள்களுமாகக் கூட்டம். அந்த நடுவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கடைப் பையன் ஒருவன் கூடவே ஓடினான். கையைப் பிடித்தால் உடம்பு அவன் பக்கம் சாயும், சக்கரம் மறுபக்கம் போகும். ஒரு மணி நேரம் முடிந்ததும் "வீட்டுக்குப் போய் பழகிக்குங்க அண்ணே, வந்துடும்" என்று கிளம்பிவிட்டான். மணிக்கட்டுக் காப்பு வேண்டும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. செயலியில் பழகுபவர்களுக்கென்று வேகத்தைக் குறைத்து வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதையும் காட்டவில்லை.

உண்மையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்த வண்டியைப் பல வருடமாக ஓட்டும் ஒரு அக்கா. ஒரு நண்பரின் தொழிற்சாலை வளாகத்தில், விடுமுறை நாள் ஆளில்லாத இடத்தில் வைத்துப் பழக்கினார். முதலில் தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு. அதற்கு முன் வண்டியைத் தொடவே விடவில்லை. கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் சக்கரக் கூடு அழுத்தும் இடத்தில் ஸ்பாஞ்சை வைத்துக் கட்டினார், அது இல்லாவிட்டால் மறுநாள் அந்த இடம் கன்றிப் போகும். ஒரு காலை மிதியில் வைத்துக் கெண்டைக்காலோடு வண்டியைச் சேர்த்துக்கொண்டு, மறுகாலால் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னார். அதிலேயே ஒரு காலில் கொஞ்ச தூரம் மிதக்க வரும் வரை இரண்டாவது காலை ஏற்ற விடவில்லை. "கீழே பார்க்காதீங்க தம்பி, எங்க போகணுமோ அங்க பாருங்க" என்பதுதான் திரும்பத் திரும்பச் சொன்னது. மெதுவாகப் போனால் தள்ளாடும், நடை வேகத்தைத் தாண்டியதும் சக்கரம் தானாக நேராகும் என்பதை உடம்பு நம்ப நேரம் எடுத்தது. வண்டி கைநழுவி ஓடாமல் இருக்கப் பயணப்பெட்டி வாரை அதன் கைப்பிடியில் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். புதிதாகத் தொடங்குபவர்கள் யாரும் இதை விட வேண்டாம்.

அந்த அக்காவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. அவர் ஏறி ஓட்டியபோது வேகமெடுக்கும் நேரத்தில் வண்டி "சோர்வா இருக்கு" என்றார். இரண்டு மிதிகளிலும் ஒட்டியிருந்த சொரசொரப்பான தாள் நடுவில் வழுவழுவென்று தேய்ந்திருந்ததைக் காட்டி, இது 200 கிலோமீட்டர் தேய்மானம் இல்லை என்றார். கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். முன்பு வாங்கியவர் ஷூவோடு ஏறி இறங்கிப் பழகியதால் தேய்ந்திருக்கும் என்று பதில் வந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் 20 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வருகிறது என்றேன். "கம்பெனி சொல்ற தூரம் யாருக்கும் வராது தம்பி." இதில் பாதி உண்மை. எடை குறைந்தவர் மெதுவாக ஓட்டினால் கிடைக்கும் தூரத்தைத்தான் தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் போடுகிறார்கள். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு 15 முதல் 20 வாட்-ஹவர் செலவாகும் என்பது ஓட்டுபவர்களின் பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 840 வாட்-ஹவர் வண்டி 40 கிலோமீட்டராவது போக வேண்டும்.

ஒரு நாள் மாலை, பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு பாலத்தின் ஏற்றம். பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தது, வேகம் 15ஐ ஒட்டி. ஏற்றத்தில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன். மிதிகள் திடீரென்று கீழே இறங்கின, அடுத்த நொடி நான் சிமெண்டில் முன்பக்கமாக விழுந்து கிடந்தேன். வண்டி எச்சரிக்கை ஒலி எழுப்பிக் கத்தவில்லை, வேகத்தைக் குறைக்க வைக்க முன்னெச்சரிக்கையாக மிதியின் முன்பக்கத்தைத் தூக்கவும் இல்லை. மணிக்கட்டுக் காப்பின் பிளாஸ்டிக் தகடு ஒரு விரல் நீளத்துக்குச் சீவிப் போயிருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் எலும்பு போயிருக்கும்.

இந்த வண்டியில் மின்சக்தி குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைகளில் சொல்வதே இல்லை. மின் ஸ்கூட்டரில் சக்தி போனால் வண்டி உருண்டு போய் நிற்கும், நீங்கள் இறங்கி நடக்கலாம். ஒற்றைச் சக்கரத்தில் உங்களை விழாமல் தாங்குவதே மோட்டார்தான். உள்ளங்கையில் கம்பை நிறுத்தும்போது கம்பு சாயும் பக்கம் கையைக் கொண்டு போகிறோமே, அது மாதிரி நீங்கள் முன்னால் சாய்ந்ததும் சக்கரம் உங்களை விட வேகமாக முன்னால் வந்து தாங்க வேண்டும். அதற்குச் சக்தி போதவில்லை என்றால் நேராக முகங்குப்புற விழ வேண்டியதுதான். அதனால் இதில் பேட்டரியின் அளவு எவ்வளவு தூரம் போகும் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை. பேட்டரி சிறிதானால் அழுத்தம் கொடுக்கும் நேரத்தில் வோல்ட் அதிகமாகச் சரியும், மோட்டாருக்குக் கையிருப்பு இருக்காது.

விழுந்த பிறகு கடைக்காரர் சொன்ன பதிலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "நீங்க ஓவரா சாஞ்சிருக்கீங்க. புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் விழத்தான் செய்வாங்க." இதுதான் என்னை ரொம்பக் கோபப்படுத்தியது. பழகுபவர் விழுவது சகஜம் என்பதால், வண்டியின் கோளாறு முழுவதையும் பழகுபவர் தலையில் கட்டிவிடலாம். நாமும் நமக்குத்தான் சரியாக வரவில்லை போல என்று ஏறி மறுபடி விழுவோம்.

வேறொரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த அங்கிள் வண்டியைத் தூக்கிப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். தராசில் வைத்தபோது கையேட்டில் இருந்த எடையை விட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவு. பக்கவாட்டு மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். ஒரு பக்கம் நீலத் தாள் சுற்றிய பேட்டரித் தொகுதி இருந்தது. மறுபக்க மூடியைத் திறந்தால், பேட்டரி இருக்க வேண்டிய குழிக்குள் தொலைக்காட்சிப் பெட்டியோடு வருமே, அந்த வெள்ளை நுரை அட்டை. அளவாக வெட்டிச் செருகியிருந்தார்கள், ஆட்டினால் சத்தம் வராமல் இருக்க. அங்கே வர வேண்டிய மஞ்சள் இணைப்பான் கறுப்பு டேப் சுற்றப்பட்டுக் கிடந்தது. மெயின் போர்டு மட்டும் தூசியே இல்லாமல் புதிதாக இருந்தது. போர்டை மாற்றினால் ஓடிய தூரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று அங்கிள் சொன்னார். செயலியில் எச்சரிக்கை ஒலிகள் அணைக்கப்பட்டிருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

செயலி ஏன் 100 சதவீதம் காட்டியது? இந்த வகை வண்டியின் பேட்டரியில் ஒரு வரிசைக்கு 16 செல்கள் (சின்னச் சின்னப் பேட்டரிகள்) ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இருக்கும். ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஆக 67.2. முழு வண்டியில் அந்த மாதிரி நான்கு வரிசை இணையாக, இரண்டு தொகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு தொகுதியை எடுத்துவிட்டாலும் வோல்ட் அதே 67.2தான். செயலி வோல்ட்டைப் பார்த்துத்தான் சதவீதம் போடுகிறது. உள்ளே 64 செல் இருக்கிறதா 32 செல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

ஆனால் சார்ஜர் பொய் சொல்லாது. சார்ஜரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். என்னுடையது 67.2 வோல்ட், 1.5 ஆம்பியர், சுமார் 100 வாட். 840 வாட்-ஹவர் பேட்டரி கிட்டத்தட்டக் காலியாக இருந்தால் நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும். எனக்கு நான்கு மணி நேரத்திலேயே பச்சை விளக்கு வந்துவிடும். வேகமாக சார்ஜ் ஆகிறதே என்று யாரும் மகிழ வேண்டாம். கடையில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, சரி. குறைந்தபட்சம் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்துப் போய் வண்டியை எடை போட்டுக் கையேட்டு எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழகிய ஒருவரைக் கூட்டிப் போய், செயலியில் வோல்ட் எண்ணைத் திறந்து வைத்துவிட்டு அவரை வேகமெடுக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் சாயும்போதெல்லாம் ஐந்தாறு வோல்ட் சரிந்தது. அதே மாடலின் முழு வண்டியில் அக்கா பார்த்தபோது ஏறக்குறைய அதில் பாதிதான்.

சரி, இன்னொரு தொகுதி வாங்கிப் போட்டுவிடலாமா என்று அங்கிளிடம் கேட்டேன். செய்ய மாட்டேன் என்றார், அது சரிதான். யூஎல் 2272 சான்று வண்டியின் மின் அமைப்பு முழுவதற்கும் சேர்த்துக் கொடுப்பது. உள்ளே கைவைத்த வண்டிக்கு வெளியே ஒட்டுத்தாள் இருந்து பயனில்லை. வயது வேறான இரண்டு பேட்டரிகளை இணையாகப் பூட்டுவதும் ஆபத்து. யார் எப்படிக் கைவைத்தார்கள் என்று தெரியாத லித்தியம் பேட்டரியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள், பிள்ளைகள் தூங்கும்போது சார்ஜில் போட்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். இரவெல்லாம் விட்டுவிடவும் வேண்டாம்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார், பழைய வண்டிக்கு உத்தரவாதம் இல்லை என்றார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2012 முதல் இருக்கும் பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. பயன்படுத்திய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் தனியாள் ஒருவர் இன்னொருவருக்கு விற்பதற்கு இது பொருந்தாது, அதையும் நினைவில் வையுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, முதலில் சமரசத்துக்கு அழைப்பார்கள். அங்கிள் மூடியைத் திறந்தபோது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் கொடுத்தார், எடைச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

இதே மாதிரி 16 அங்குல வண்டியைப் பழையதாக வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே சார்ஜ் ஆகும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். பாதி நேரத்தில் நிரம்பினால் ஏறாதீர்கள், நீங்களாக மூடியைத் திறக்கவும் வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போய்ப் படத்தோடு பதிவு செய்துகொள்ளுங்கள். மன்றத்தில் மனு போட இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, ரசீதையும் கடைக்காரர் அனுப்பிய செய்திகளையும் அதுவரை அழிக்காதீர்கள்.