ரசீதுல 'அசிஸ்டென்ட்'னு ஒரு வார்த்தை இருந்துச்சு, நாங்க படிக்கல

பார்மசி படிக்க வைக்கலாம்னு வீட்ல பையனோ பொண்ணோ வச்சிருக்கவங்க இத முழுசா படிச்சிடுங்க. நீளமா போகும், எனக்கு சுருக்கமா எழுத வராது.

எங்கப்பா 22 வருஷமா ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிக்கிறார். டாக்டர் கையெழுத்து எவ்ளோ கிறுக்கலா இருந்தாலும் படிச்சிடுவார், எந்த ரேக்ல எந்த மாத்திரைன்னு கண்ண மூடிட்டு எடுப்பார், ஆனா பத்தாவதோட நின்னவர், அவர் பேர்ல எதுவும் கிடையாது. கடை சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பார்மசிஸ்ட் சர்டிபிகேட் வேற ஒருத்தரோடது, அந்த ஆள் மாசத்துக்கு ஒரு தடவ வந்து கையெழுத்து போட்டுட்டு பணம் வாங்கிட்டுப் போவார் (அதுவே தப்புதான், அது தனிக்கதை). அந்த சர்டிபிகேட்ட தினம் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு ஒரே ஆசை. தம்பி பேர்ல அதே மாதிரி ஒண்ணு மாட்டணும், சின்னதா சொந்தக் கடை போடணும்.

தம்பி 2022ல பிளஸ் டூ முடிச்சான். ப்யூர் சயின்ஸ் குரூப், 600க்கு 371. பெரிய மார்க் இல்ல, ஆனா பார்மசிக்கு அப்ளிகேஷன் போட தாராளமா போதும், அது எங்களுக்குத் தெரியல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு உரக்கடை, அதுக்கு மாடியில ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி. யாரோ சொன்னாங்கன்னு அப்பா லீவ் போட்டுட்டு அவன கூட்டிட்டுப் போனார், நானும் போனேன். அங்க உக்காந்திருந்தவர் ரொம்ப மரியாதையா பேசினார், டீ வாங்கிக் குடுத்தார், அப்பாவ அண்ணே அண்ணேன்னார்.

நான்தான் கேட்டேன், பி.பார்முக்கு (நாலு வருஷ பார்மசி டிகிரி) கவர்மென்ட் கவுன்சிலிங் இருக்காமே சார்னு. "அதெல்லாம் நீட் எழுதினவங்களுக்கும்மா, அதுவும் உன் தம்பி மேத்ஸ் படிக்கல, பி.பார்ம்ல மொத செமஸ்டரே மேத்ஸ் வரும், தாங்க மாட்டான்"னார். இதுல முதல் பாதி சுத்தப் பொய். நம்ம ஸ்டேட்ல பி.பார்முக்கு பிளஸ் டூ மார்க் வச்சுதான் கவுன்சிலிங் நடக்குது, கீழ்ப்பாக்கத்துல இருக்கிற செலக்‌ஷன் கமிட்டிதான் நர்சிங், பிசியோதெரபி கூட சேர்த்து நடத்துறாங்க, நீட்டுக்கும் பி.பார்முக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது பாதி பாதி உண்மை, அதான் எங்கள கவுத்துச்சு. பயாலஜி மட்டும் படிச்ச பசங்களுக்கு மொத செமஸ்டர்ல ரெமடியல் மேத்ஸ்னு ஒரு பேப்பர் இருக்கு, அது தெரியாதவங்களுக்கு சொல்லிக்குடுக்கத்தான் வச்சிருக்காங்க, பசங்கள விரட்ட இல்ல. மேத்ஸ் மட்டும் படிச்சுட்டு வந்தவங்களுக்கு இதே மாதிரி ரெமடியல் பயாலஜி இருக்கு. தம்பிக்கு மேத்ஸ்னா சின்ன வயசுலேர்ந்தே வயித்தக் கலக்கும், மூஞ்சியே செத்துப்போச்சு அவனுக்கு.

அப்புறம் அவர் வழி சொன்னார். ரெண்டு வருஷம் டிப்ளமோ, முடிச்சதும் லேட்டரல் என்ட்ரியில நேரா பி.பார்ம் செகண்ட் இயர், அஞ்சு வருஷத்துல டிகிரி, நடுவுல எப்ப வேணா கடை லைசென்ஸ். இந்த வழி நிஜமாவே இருக்குங்க, டி.பார்ம், அதாவது ரெண்டு வருஷ பார்மசி டிப்ளமோ முடிச்சவங்க பி.பார்ம் ரெண்டாவது வருஷம், அதாவது மூணாவது செமஸ்டர்ல சேரலாம். ஆனா அந்த டி.பார்ம் பிசிஐ (பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா) அப்ரூவ் பண்ண காலேஜ்ல படிச்சதா இருக்கணும், 1948 பார்மசி சட்டத்துல செக்‌ஷன் 12னு ஒண்ணு இருக்கு, அந்த அப்ரூவல் அதுலதான் நிக்குது. அவர் டி.பார்ம்ங்கிற வார்த்தைய அன்னைக்கு ஒரு தடவ கூட சொல்லலைன்னு ரெண்டு வருஷம் கழிச்சுதான் எனக்கு உறைச்சுது. டிப்ளமோ டிப்ளமோன்னேதான் பேசினார். நாங்களே மனசுக்குள்ள டி.பார்ம்னு போட்டுக்கிட்டோம்.

அப்ரூவல் இருக்கான்னு கேட்டதுக்கு பிளாஸ்டிக் கவர் போட்ட பெரிய ஃபைல் எடுத்துப் போட்டார். கோபுர சீல், ஹாலோகிராம், ஐஎஸ்ஓ சர்டிபிகேட், அதே டிரஸ்டோட இன்ஜினியரிங் காலேஜுக்கு ஏஐசிடிஇ (டெக்னிக்கல் படிப்புகளுக்கான மத்திய கவுன்சில்) குடுத்த லெட்டர், அப்புறம் பிசிஐ பேர் போட்ட ஒரு பேப்பர். அந்தப் பேப்பர நான் ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன், நல்லவேளை. பின்னாடி ஒரு வக்கீல் பார்த்துட்டு சொன்னார், இது அப்ரூவல் இல்லம்மா, அப்ரூவலுக்கு அப்ளை பண்ணதுக்கு வந்த அக்னாலெட்ஜ்மென்ட்னு. பார்மசிக்கு ஏஐசிடிஇ லெட்டர காட்டுறதும் வேலைக்கு ஆகாது, பார்மசி படிப்பு விஷயத்துல பிசிஐ சொல்றதுதான் கடைசின்னு 2020லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

கன்சல்டன்சி சார்ஜ் 15,000, மொத வருஷ ஃபீஸ் 65,000, ரெண்டாவது வருஷம் 60,000, எக்ஸாம் ஃபீஸ் யூனிஃபார்ம் அது இதுன்னு கடைசியில ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிட்ட வந்துச்சு. அம்மாவோட ரெண்டு வளையலும் அடகுக்குப் போச்சு. ஒரிஜினல் டிசி, பிளஸ் டூ மார்க் ஷீட் ரெண்டையும் வாங்கி உள்ள வச்சுக்கிட்டாங்க. ரசீது மஞ்சக் கலர்ல, பால்பாயின்ட் பேனாவுல எழுதினது, கோர்ஸ்ங்கிற இடத்துல டிப் இன் பார்மசி, அதுக்கப்புறம் ஒரு புள்ளி, அதுக்கப்புறம் கோழி கிறுக்கின மாதிரி மூணு எழுத்து. டாக்டர் கையெழுத்தையே படிக்கிற எங்கப்பா அத படிக்கல. தொகைய மட்டும் ரெண்டு தடவ சரிபார்த்தார். அந்த மூணு எழுத்து அசிஸ்டென்ட்டோட சுருக்கம்.

படிப்ப பத்தி பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி ரெண்டு ரூம், லேப்னு ஒரு ரூம், அதுல ரெண்டு பியூரெட் ஸ்டாண்ட், ஒரு தராசு, ஒரு பீங்கான் உரல் உலக்கை. 28 பசங்களுக்கு ஒரே உரல். சேர்ந்த மொத மாசமே ஒருநாள் எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு குடுத்து லைனா நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்தாங்க, தம்பி கையில அந்த உலக்கைய குடுத்து அரைக்கிற மாதிரி நிக்கச் சொன்னாங்களாம், உரல்ல ஒண்ணுமே இல்லக்கான்னு வந்து சிரிச்சான். ஆஸ்பத்திரி ட்ரெயினிங்னு சொல்லி ரெண்டாவது வருஷம் பாதி நாள் ஒரு மெடிக்கல் ஷாப்ல சம்பளமில்லாம பெட்டி பிரிக்க விட்டாங்க. அப்பா கடையிலயே நின்னிருக்கலாம்.

அவன் ஸ்கூல் கிளாஸ்மேட் ஒருத்தன் நிஜமான டி.பார்ம் படிச்சிட்டிருந்தான். அவன் ஒரு தடவ கேட்டிருக்கான், எங்களுக்கு எக்ஸாம் டிஎம்இ (கவர்மென்ட்டோட மருத்துவக் கல்வி இயக்ககம்) நடத்துறாங்க, உனக்கு யாருடா நடத்துறாங்கன்னு. தம்பி எங்க காலேஜே நடத்தும்னு பெருமையா சொல்லியிருக்கான். இத அவன் எங்கிட்ட சொன்னது எல்லாம் முடிஞ்சப்புறம். அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டாவது வருஷ ஃபீஸாவது மிஞ்சியிருக்கும்.

2024ல சர்டிபிகேட் வந்துச்சு. தடிமனான பேப்பர், தங்கக் கலர் பார்டர். அப்பா சென்னைக்கு அவனக் கூட்டிட்டுப் போனார், ஸ்டேட் பார்மசி கவுன்சில்ல பதிவு பண்ண என்னென்ன வேணும்னு கேக்க. நான் கூடப் போகல, அவன்தான் வந்து சொன்னான். கவுன்டர்ல இருந்த அம்மா சர்டிபிகேட்ட வாங்கி ஒரு வரியில விரல வச்சாங்களாம், வேற எதையும் பாக்கவே இல்லையாம். "தம்பி, இதுல அசிஸ்டென்ட்னு போட்டிருக்கே, இது டி.பார்ம் இல்லப்பா, எத்தன பேர்தான் இத தூக்கிட்டு வருவீங்க." அப்பா உடனே, சரிங்க மேடம், அந்த அசிஸ்டென்ட்டுக்கு எவ்ளோ பதிவு ஃபீஸ்னு கேட்டாராம். அவருக்குப் புரியவே இல்ல. பஸ்ல திரும்பி வர்றப்ப திண்டிவனம் வரைக்கும் பேசாம இருந்துட்டு, அப்போ லேட்டரலும் கிடையாதாடான்னு மட்டும் கேட்டிருக்கார்.

கன்சல்டன்சிக்குப் போனா அண்ணேயெல்லாம் காணோம். "நாங்க எங்க டி.பார்ம்னு சொன்னோம், அப்ளிகேஷன்ல உங்க கையெழுத்து இருக்கு பாருங்க"ன்னு தூக்கிப் போட்டார். ஒரிஜினல் மார்க் ஷீட் கேட்டா இன்னும் 20,000 பாக்கின்னாங்க. ஸ்டேஷன்ல புகார் குடுத்து சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கு ரசீது) வாங்கினோம், வக்கீல் நோட்டீஸ் விட்டோம், ஏழு மாசம் அலைஞ்சதுல ஒரிஜினல் ரெண்டும் 40,000 பணமும் வந்துச்சு. மீதி வராது, எனக்குத் தெரியும். கூடப் படிச்ச 27 பேர்ல புகார்ல கையெழுத்து போட வந்தது மூணு பேர்தான். அவமானமா இருக்குன்னாங்க. ஏமாத்தினவன் நிமிர்ந்து நடக்கிறான், நமக்கு அவமானம்.

சரி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாங்க என்ன பாத்திருக்கணும்னா, பிசிஐ வெப்சைட்ல அப்ரூவ் ஆன காலேஜ் லிஸ்ட் இருக்கு, காலேஜ் பேர் இருந்தா மட்டும் பத்தாது, எந்தக் கோர்ஸுக்கு எந்த வருஷத்துக்குன்னு பாக்கணும். பி.பார்முக்கு அப்ரூவல் இருக்கிற காலேஜுக்கு டி.பார்முக்கு இல்லாம இருக்கலாம். அப்புறம் ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பையன பிடிச்சு, எக்ஸாம் யாருடா நடத்துறாங்க, ஹால் டிக்கெட்ட காட்டுன்னு கேளுங்க. பி.பார்ம்னா எந்த யுனிவர்சிட்டி பேர் இருக்குன்னு பாருங்க, நம்ம ஊர்ல பெரும்பாலும் எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டி. வீட்லேர்ந்தே படிக்கலாம், காலேஜுக்கே வர வேணாம், எக்ஸாமுக்கு மட்டும் வேற ஸ்டேட்டுக்கு ஒரு ட்ரிப்னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க, டீ குடிக்காம. ஒரிஜினல காட்டுங்க, கையில குடுக்காதீங்க.

நிஜமான டி.பார்மும் சும்மா வர்றதில்ல. ரெண்டு வருஷம், அதுக்கு மேல 500 மணி நேரம் ட்ரெயினிங், போதாததுக்கு மூணு பேப்பர் எக்ஸிட் எக்ஸாம் வேற பாஸ் பண்ணாதான் பார்மசிஸ்ட்டா பதிவுன்னு 2022ல ஒரு விதி வந்துச்சு. மார்க் சுமாரா இருந்தாலும் நேரா பி.பார்முக்கே போட்டுப் பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன், நாலு வருஷத்துல முடிஞ்சிடும், சுத்தி வர்றதுக்கு அஞ்சு வருஷம். அதே கன்சல்டன்சி இப்போ பார்ம்.டி நோட்டீஸும் குடுக்குது, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடலாம்னு. அது ஆறு வருஷப் படிப்பு, அதுக்கு 300 படுக்கை ஆஸ்பத்திரி வேணும். உரக்கடை மாடியில நடக்காது.

தம்பி 2025ல மறுபடி மொத வருஷத்துலேர்ந்து டி.பார்ம் சேர்ந்துட்டான், இந்த தடவ லிஸ்ட்ல பேர் பார்த்து, நானே ரெண்டு சீனியர்கிட்ட ஹால் டிக்கெட் கேட்டுப் பார்த்துட்டு. கிளாஸ்ல எல்லாரையும் விட மூணு வயசு பெரியவன், பசங்க அண்ணான்னு கூப்பிடுறாங்களாம். வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இந்த வருஷ அட்மிஷனுக்கு புது ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க. வெள்ளைக் கோட்டு போட்டு நாலு பேர், இடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவதா உலக்கைய பிடிச்சுட்டு நிக்கிறான் பாருங்க, அவன்தான் என் தம்பி. எடுக்கச் சொல்லி ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டேன், இன்னும் எடுக்கல.